ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்த என் மகன்

1

அச்சரப்பாக்கத்திலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்திருக்கிறது. எழுதியவர் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஜி.எஸ்.டி. ரோட்டில் விதையும் உரமும் விற்கிற கடைக்காரரின் மனைவி, பதினேழு வயதுப் பெண்ணுக்கு அம்மா, அவ்வளவு போதும். அணுபுரத்தில் இருக்கிற நாத்தனார் வீட்டுக்குப் போனபோது நம் மகளிர் மன்றத்து இதழ் பழசு ஒன்று கையில் கிடைத்ததாம். அதில் நான் எழுதிய கட்டுரையைப் படித்துவிட்டு, விலாசம் வாங்கி, கனடாவுக்கு எழுதியிருக்கிறார்.

"உங்கள் கட்டுரையைப் படித்த நாள் முதல் என் மகளையும் உட்கார வைக்கிறேன். முதலில் பத்து நிமிஷம்கூட இருக்க மாட்டாள். இப்போது உங்கள் பையனைப் போலவே ஒரு மணி நேரம் அசையாமல் இருக்கிறாள். டி.வி., தோழிகள் என்று அலைந்தவள் இப்போது எதையும் கேட்பதில்லை. சாப்பாடும் பாதியாகிவிட்டது. விடியும் முன்பே எழுந்துவிடுகிறாள். எல்லாம் உங்கள் புண்ணியம். அடுத்த படி என்ன என்று எழுதவும்."

படித்ததும் உறையைத் திருப்பிப் பார்த்தேன். உறையில் தொலைபேசி எண் இல்லை. இந்தியாவுக்குக் கடிதம் போக இரண்டு வாரம் ஆகும். சமையலறையில் நின்றபடியே, "எழுப்புங்கம்மா, அந்தப் பொண்ண எழுப்புங்க" என்று சத்தமாகச் சொல்லியிருக்கிறேன். பக்கத்து அறையிலிருந்து என் கணவர் எழுந்து வந்து, "யார்கிட்ட பேசுற?" என்று கேட்டார்.

உங்களிடம்தான் பேசுகிறேன். போன வருஷம் இதே இதழில் நான் எழுதியது பொய். தெரிந்து சொன்ன பொய் அல்ல, அதனால் பாதிப்பு ஒன்றும் குறைந்துவிடவில்லை. அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு இன்னும் எத்தனை வீட்டில் எத்தனை பிள்ளைகளை உட்கார வைத்திருக்கிறீர்களோ தெரியாது. அதனால் நடந்ததை முழுசாக எழுதுகிறேன்.

2

என்னைத் தெரியாதவர்களுக்காக. என் பெயர் மாலதி. பிறந்தது செங்கல்பட்டு. கணவர் சேகர் அணுமின் நிலையத்தில் டெக்னீஷியனாக இருந்ததால், கல்யாணமான நாளிலிருந்து கனடா வரும்வரை அணுபுரம் குவார்ட்டர்ஸில்தான் குடித்தனம். மகன் கதிர் அங்கேதான் நடை பழகினான். அவனுக்குப் பத்து வயது ஆனபோது வினிபெக் வந்தோம்.

எனக்கு யோகா வந்தது ரெஜினாவிடமிருந்து. தொண்ணூறுகளின் நடுவில் மன்றத்து ஹாலில் வாரம் மூன்று நாள் வகுப்பு எடுத்தாளே, அந்த ரெஜினாதான். என் வயசுதான் அவளுக்கும். சதுரங்கப்பட்டினத்துக்கு உள்ளே தள்ளி இருக்கிற காலனியில் வீடு. அவள் அம்மா அடுத்தவர் கழனியில் நாற்று நட்டே காலம் தள்ளியவர். ரெஜினா சர்ச் உதவியோடு பிசியோதெரபி உதவியாளர் படிப்பு முடித்து, ஒரு கிளினிக்கில் வேலை பார்த்துக்கொண்டே மாமல்லபுரத்தில் ஒரு யோகா முகாமில் இரண்டு வருஷம் பயின்றவள்.

முதல் நாள் கழுத்தில் சிலுவைச் சங்கிலியோடு வந்து நின்றாள். பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தி கேட்டே விட்டாள், "நீங்க கிறிஸ்டியனாச்சே, யோகா எப்படி?"

"மூச்சு வுடறதுக்கு இன்னா மதம் மேடம்?" என்றாள் ரெஜினா. "வுடாத இருந்து பாருங்களேன், எந்த சாமி வந்து காப்பாத்துதுன்னு."

அன்றைக்கே எனக்கு அவளைப் பிடித்துவிட்டது.

வகுப்பு தொடங்கும் முன் அவள் ஒரு காரியம் செய்வாள். பாயை விரித்து உட்கார்ந்த ஒவ்வொருத்தி முன்னாலும் வந்து குந்திக்கொண்டு மூன்று கேள்வி கேட்பாள். "துன்னியா? தூங்கினியா? சிரிச்சியா?" முப்பது பேர் இருந்தாலும் முப்பது பேரிடமும் கேட்பாள். அதற்கே அரை மணி போய்விடும். இன்ஜினீயர் மனைவிகளுக்கு எரிச்சல். ஆசனம் எப்போது என்பார்கள்.

"இதாம்மே யோகா," என்பாள் என்னிடம், வகுப்பு முடிந்து பாய்களைச் சுருட்டும்போது. "துன்றது ஒடம்பு. தூங்கறது மன்சு. சிரிக்கறது உசுரு. மூணும் ஒண்ணா கீதான்னு பாக்காம, காலைத் தூக்கு கையைத் தூக்குன்னா அது டிரில்லு."

ஒருநாள் ஒரு பெண், ஒரு வாரமாகத் தூக்கமே இல்லை என்றாள். ரெஜினா அவள் பாயைத் தானே சுருட்டிக் கையில் கொடுத்தாள். வகுப்பை அப்படியே விட்டுவிட்டு அவளைக் கையைப் பிடித்து டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். தைராய்டு என்று பிறகு தெரிந்தது. "ஆசனம் எங்கயும் ஓடாது. மொதல்ல மருந்து துன்னட்டும்," என்றாள். ஞாயிற்றுக்கிழமைகளில் சதுரங்கப்பட்டினத்துக் கோட்டைக்குள் புல் தரையில் எங்களை உட்கார வைப்பாள். கடற்காற்றில் பாய் பறக்கும். அங்கேயும் முதலில் அந்த மூன்று கேள்விதான்.

ஆறு வருஷம் அவளிடம் கற்றேன். ஆசனம் கற்றேன், பிராணாயாமம் கற்றேன், தியானத்தில் முப்பது நிமிஷம் உட்காரக் கற்றேன். அந்தக் கேள்விகளை அவளுடைய பேச்சு வழக்கு என்று நினைத்திருந்தேன்.

3

வினிபெக்கில் சேகருக்கு அவருடைய வேலை கிடைக்கவில்லை. பழைய இடத்திலிருந்து என்ன வேலை பார்த்தார் என்று விவரமாகக் கடிதம் கேட்டார்கள். அந்த இடத்தில் என்ன வேலை பார்த்தோம் என்பதைப் பாதுகாப்பு ரகசியம் என்று விவரமாக எழுதித் தரமாட்டார்கள், உங்களுக்கே தெரியும். இந்த ஊர் அலுவலகத்தில் அதைச் சொன்னால், கடிதம் இல்லாவிட்டால் அனுபவமும் இல்லை என்றார்கள். கதவும் ஜன்னலும் செய்கிற தொழிற்சாலையில் மதிய ஷிப்டுக்குச் சேர்ந்தார். கதிர் பள்ளியிலிருந்து வரும்போது அப்பா கிளம்பியிருப்பார், அப்பா திரும்பும்போது மகன் படுத்திருப்பான். சனி ஞாயிறு மட்டும்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பது.

எனக்குக் கம்யூனிட்டி சென்டரின் கீழ்த்தளத்தில் யோகா வகுப்பு கிடைத்தது. 'உடல், மனம், ஆன்மா மூன்றுக்கும் ஒருங்கிணைந்த யோகா' என்று சிறு பிரசுரத்தில் போட்டார்கள். எனக்கே பெருமையாக இருந்தது. மூச்சை விடுங்கள் என்பதை நான் 'லீவ் யுவர் பிரீத்' என்று சொல்ல, எங்கே விட்டுவிட்டுப் போவது என்று மாணவிகள் சிரித்தார்கள். அதைத் திருத்திக்கொண்டேன்.

முதல் வகுப்பில் ரெஜினா மாதிரியே ஒவ்வொருவர் முன்பும் உட்கார்ந்து, சாப்பிட்டீர்களா, தூங்கினீர்களா என்று கேட்டேன். மறுநாள் பொறுப்பாளர் பெண் என்னைத் தனியாக அழைத்தார். மிக இனிமையாகத்தான் பேசினார். இங்கே மனிதர்களின் சொந்த விஷயங்களைக் கேட்பதில்லை, அதற்கெல்லாம் படிவம் இருக்கிறது என்றார். ஒரு தாள் தந்தார். இதயநோய் உண்டா, முதுகுவலி உண்டா, கட்டத்தில் டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டால் முடிந்தது. ஏதாவது ஆனால் நாங்கள் பொறுப்பல்ல என்று அடியில் இருக்கும்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அது நிம்மதியாக இருந்தது. ஒருத்தி தூங்கவில்லை என்று சொன்னால் இந்த ஊரில் அவளை எங்கே கூட்டிப் போவேன்? எனக்கே பஸ் பாதை சரியாகத் தெரியாத காலம் அது. கேட்பதை விட்டேன். வெளியே விட்ட பழக்கம் வீட்டிலும் விட்டுப்போயிற்று. மகனிடம் ஹோம்வொர்க் முடித்தாயா என்று கேட்பேன். ஸ்னோ பூட்ஸ் போட்டாயா என்று கேட்பேன்.

4

கதிருக்குப் பதினைந்து வயதானபோது அவன் பேச்சு குறைந்தது. முதலில் தமிழ் போயிற்று. நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை பதில் வரும். பிறகு அந்த ஒரு வார்த்தையும் போயிற்று. பள்ளி விட்டு வந்ததும் கட்டிலில் விழுவான். ஏன் படுத்திருக்கிறாய் என்று திட்டுவேன். அவன் கத்துவான். நானும் கத்துவேன். புலம்பெயர்ந்த எல்லா வீட்டிலும் இதுதான் என்று இங்கே இருக்கிற தமிழ்ப் பெண்கள் சொன்னார்கள். வயசு என்றார்கள்.

தினமும் பத்து நிமிஷம் என்னோடு கீழ்த்தளத்தில் உட்காரச் சொன்னேன். மறுத்தான். கெஞ்சினேன், மிரட்டினேன், கம்ப்யூட்டரைப் பிடுங்கினேன். ஒரு வாரம் சண்டை. பிறகு ஒருநாள் அவனாகவே இறங்கி வந்து பாயில் உட்கார்ந்தான். முதுகு நேராக, கண் மூடி. இருபது நிமிஷம். மறு வாரம் நாற்பது. அந்த மாதக் கடைசியில் ஒரு மணி நேரம். ஒரு அசைவு கிடையாது. மூக்கில் ஈ உட்கார்ந்தால்கூடத் தட்டமாட்டான். நான் பத்து வருஷமாகத் தொடாத எல்லையை என் பிள்ளை ஒரு மாதத்தில் தொட்டுவிட்டான் என்று எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

சாப்பாடு குறைந்தது. மிதாகாரம் என்று நினைத்தேன். நண்பர்கள் போன் செய்தால் எடுக்கமாட்டான். வைராக்கியம், அதாவது பற்றறுத்தல். நாலு மணிக்கே விழித்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பான். பிரம்ம முகூர்த்தம். திட்டினால் திருப்பிக் கத்துவதை நிறுத்திவிட்டான், அதற்கு மௌனம் என்று பெயர் வைத்தேன். ஒவ்வொரு நோய்க்குறிக்கும் என்னிடம் ஒரு சமஸ்கிருதப் பெயர் தயாராக இருந்தது. யோகா தெரியாத அம்மாவாக இருந்திருந்தால் ஒரு மாதத்தில் பயந்து டாக்டரிடம் ஓடியிருப்பேன்.

பள்ளியிலிருந்து இயந்திரக் குரலில் போன் வரும். உங்கள் வீட்டு மாணவர் இன்று ஒன்று அல்லது அதற்கு மேற்பட்ட பாடவேளைக்கு வரவில்லை என்று சொல்லும். விளையாட்டு வகுப்பைத் தட்டிக் கழிக்கிறான் என்று நினைத்து அந்தப் பதிவை அழித்துவிடுவேன். ஒரு ஞாயிறு மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சேகர் சொன்னார்.

"இவன் சரியில்ல மாலதி. கண்ணு எங்கயோ இருக்கு."

"உங்களுக்கு வாரத்துல ரெண்டு நாள்தான் அவனைத் தெரியும். பேசாம சாப்பிடுங்க."

பேசாமல் சாப்பிட்டார். அதற்கு அடுத்த வாரம்தான் நான் உங்களுக்கு அந்தக் கட்டுரையை எழுதினேன். 'பனி நாட்டில் ஒரு பாலயோகி' என்று தலைப்பு வைத்தேன். அந்தத் தலைப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு என்னை அறையத் தோன்றுகிறது.

5

ஜனவரி மாதம். வெளியே மைனஸ் இருபத்தெட்டு டிகிரி. அங்கே இருக்கிற உங்களுக்கு அது என்ன என்று சொல்லிப் புரிய வைக்க முடியாது. கண்ணிமையில் ஈரம் உறைந்து ஒட்டிக்கொள்ளும்.

அன்று மதியம் பள்ளி முடிந்து கதிர் பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்தான். பஸ் வந்தது. ஏறவில்லை. பஸ் ஓட்டிய பெண் அவன் வேறு பஸ்ஸுக்காகக் காத்திருக்கிறான் என்று நினைத்துப் போய்விட்டார். ஒரு சுற்று முடிந்து திரும்பி வந்தபோதும் அதே பையன் அதே இடத்தில். மூன்றாவது சுற்றில் அவர் பஸ்ஸை நிறுத்தி, ஆட்களை உள்ளே இருக்கச் சொல்லிவிட்டு இறங்கினார். தம்பி, என்ன செய்கிறாய் என்று கேட்டிருக்கிறார். நன்றாக இருக்கிறேன், சும்மா உட்கார்ந்திருக்கிறேன் என்று இவன் சொன்னானாம். கையுறை பைக்குள் இருந்தது. கை வெளியே முழங்கால் மேல் இருந்தது. விரல்கள் வெள்ளையாகிப் போயிருந்தன.

அவர்தான் அவனைத் தூக்கி பஸ்ஸுக்குள் உட்கார வைத்து ஆம்புலன்ஸுக்குச் சொன்னவர். என் பிள்ளை அசையாமல் உட்கார்ந்திருப்பது சரியில்லை என்று முன்பின் தெரியாத ஒரு பெண்ணுக்கு மூன்று சுற்றில் தெரிந்துவிட்டது.

எனக்கு அழைப்பு வந்தபோது வகுப்பில் இருந்தேன். எல்லோரும் சவாசனத்தில் படுத்திருந்தார்கள். பையில் போன் அதிர்ந்தது. சவாசனத்தின்போது போன் எடுக்கக்கூடாது என்பது நான் வைத்த விதி. பத்து நிமிஷம் அது விட்டு விட்டு அதிர்ந்துகொண்டே இருந்தது. நான் தாழ்ந்த குரலில், நெற்றி தளரட்டும், தாடை தளரட்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

6

வலது கையில் இரண்டு விரல்களின் நுனி போய்விட்டது. மோதிர விரலும் சுண்டு விரலும். மற்றவை தப்பின.

ஆனால் அந்த மருத்துவமனையில் விரலைப் பற்றிக் கவலைப்பட்டவர்கள் ஒரு பக்கம், அவன் ஏன் எழுந்து வரவில்லை என்று கவலைப்பட்டவர்கள் இன்னொரு பக்கம். மனநல டாக்டர் ஒரு பெண். எனக்கு ஆங்கிலம் வரும் என்று சொல்லியும், இப்படிப்பட்ட நேரத்தில் சொந்த மொழிதான் நல்லது என்று ஒரு மொழிபெயர்ப்பாளரை வரவழைத்தார். யாழ்ப்பாணத்துப் பெண், நாற்பது வயதிருக்கும்.

"அக்கா, தம்பி எத்தனை நாளா இப்பிடி இருக்கிறார் எண்டு டொக்டர் கேக்கிறா."

"அவன் இப்படியெல்லாம் இல்ல. தியானம் பண்ணுவான். ஒரு மணி நேரம் உட்காருவான்."

சொன்னதோடு நிற்கவில்லை. என் கைப்பையில் அந்தக் கட்டுரையின் பிரதி இருந்தது. எடுத்து நீட்டினேன். இதைப் படித்தால் என் பிள்ளை எப்பேர்ப்பட்டவன் என்று டாக்டருக்குப் புரியும் என்று நினைத்தேன். வெட்கம் கெட்டவள் நான். அந்த யாழ்ப்பாணத்துப் பெண் நின்றபடியே முழுவதும் படித்தார். சாப்பாடு குறைந்தது, நண்பர்களை விட்டது, விடியும் முன் விழிப்பது என்று ஒவ்வொன்றாக நான் பெருமையோடு வரிசைப்படுத்தியிருந்தேன். படித்துவிட்டு மடித்து, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"இதை நான் டொக்டருக்குச் சொல்லட்டா அக்கா? கட்டாயம் சொல்லத்தான் வேணும் போல கிடக்கு."

சொன்னார். டாக்டர் எழுதிக்கொண்டே வந்தார். இதைவிடத் தெளிவாக நோயை யாரும் விவரித்துத் தந்ததில்லை என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. கடுமையான மனச்சோர்வு, உடம்பின் அசைவையே மெதுவாக்கிவிடுகிற வகை, கிட்டத்தட்ட ஒரு வருஷமாக இருந்திருக்கிறது என்றார்.

இரண்டு நாள் கழித்து கதிரிடம் கேட்டேன். கட்டுப் போட்ட கையைத் தலையணை மேல் வைத்துப் படுத்திருந்தான்.

"ஏண்டா எங்கிட்ட சொல்லல?"

கட்டுப் போட்ட கையைப் பார்த்தான். பிறகு ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னான். தமிழில் எழுதுகிறேன். "படுத்திருந்தா ஏன் படுத்திருக்கன்னு கத்துவ. உட்கார்ந்திருந்தா எதுவும் கேக்க மாட்ட. கதவை மெதுவா சாத்திட்டுப் போயிடுவ. நீ சந்தோஷமா இருந்த."

"உட்கார்ந்துகிட்டு என்னதான் நினைச்ச?"

"எப்படி எழுந்துக்கறதுன்னு."

நான் எழுந்து வெளியே வந்து, தாழ்வாரத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பத்துப் பதினைந்து பேர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று நினைக்கிறேன். ஒருவரும் எதுவும் கேட்கவில்லை.

7

அச்சரப்பாக்கத்துக் கடிதம் வந்த அன்று ரெஜினாவுக்குப் போன் செய்தேன். கடல் உள்ளே வந்த வருஷத்துக்குப் பிறகு அவள் காலனியை விட்டுச் செங்கல்பட்டில் குடியிருக்கிறாள். கதிர் விஷயத்தை அதுவரை அவளிடம் சொல்லவில்லை. மூன்று மாதமாக அவள் எண்ணை அழுத்துவதும் வைப்பதுமாக இருந்தேன். அன்று எல்லாவற்றையும் சொன்னேன்.

"கேட்டியாம்மே?" என்றாள் கடைசியில்.

"எதை?"

"இன்னா எதை? மூணு கேள்விய. துன்னியா, தூங்கினியா, சிரிச்சியான்னு. கேட்டியா, இல்லியா?"

"இல்ல."

"ஊரான் வூட்டுப் பொம்பளைங்கள எல்லாம் நான் கேட்டுகினு இருந்தேன். கால் மரத்துப் பூடும் குந்திக் குந்தி. நீ பெத்த புள்ளய நீ கேக்கல. வேற இன்னாத்ததான் கத்துகின என்னாண்ட?"

திட்டட்டும் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. அழுகிற சத்தம் கேட்டது.

"நானும்தான்மே," என்றாள். "உன் கட்டுரைய நான் படிச்சேன். சோறு கொறஞ்சிச்சின்னு எழுதியிருந்தியே, அப்பவே எனக்கு சரியாப் படல. போன் பண்ணலாம்னு நம்பரு கூட வாங்கினேன். அப்புறம், அவ கனடாவுல கீறா, பெரிய பெரிய ஆளுங்கள பாத்துகினு கீறா, நாம இன்னாத்த சொல்றதுன்னு வுட்டுட்டேன். ஒரு போனு. பண்ணியிருந்தா அந்தப் புள்ளைக்கு வெரலாவது மிஞ்சியிருக்கும்."

ஆறு வருஷம் பக்கத்துப் பாயில் உட்கார்ந்து பழகியும், எனக்கு ஒரு போன் செய்ய அவள் தயங்குகிற மாதிரி நான் நடந்திருக்கிறேன். கனடாவிலிருந்து அனுப்பிய போட்டோக்கள், பெரிய கட்டுரை, பெரிய தலைப்பு எல்லாமாகச் சேர்ந்து.

கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "கடை எங்க கீது?" என்று மட்டும் கேட்டாள். மறுநாள் காலை பஸ் ஏறிவிட்டாள். அச்சரப்பாக்கத்தில் இறங்கி, உரக்கடை உரக்கடையாக விசாரித்துக் கண்டுபிடித்திருக்கிறாள். அந்தப் பெண் முன்னால் குந்தி மூன்றாவது கேள்வியைக் கேட்டதும் அது ஓவென்று அழுததாம். இருபது நாளாகத் தூக்கமில்லையாம். அம்மாவுக்கு முதலில் கோபம். யோகத்தைக் கெடுக்க வந்திருக்கிறாள் என்று சண்டை போட்டிருக்கிறார். கதிரின் விரலைப் பற்றி ரெஜினா சொன்ன பிறகுதான் அடங்கினாராம். செங்கல்பட்டுக்குக் கூட்டி வந்து டாக்டரிடம் காட்டிவிட்டார்கள். நேரத்தோடு வந்தீர்கள் என்று டாக்டர் சொன்னாராம்.

ஒரு வீடு தெரிந்தது, ரெஜினா போனாள். மற்ற வீடுகள் எனக்குத் தெரியாது. உங்கள் வீட்டில் ஒரு பிள்ளை அளவுக்கு மீறி அமைதியாக உட்கார்ந்திருந்தால், தயவுசெய்து பெருமைப்படாதீர்கள். பக்கத்தில் போய்க் கேளுங்கள். பதில் வரும்வரை இருங்கள். யோகாவை நான் குறை சொல்லவில்லை. ரெஜினா கற்றுக்கொடுத்தது சரியாகத்தான் இருந்தது. கஷ்டமான பகுதியை மட்டும் கழற்றிப் போட்டுவிட்டு மிச்சத்தை எடுத்து வந்தவள் நான்.

8

கதிர் குணமாகிவிட்டானா என்று கேட்பீர்கள். இல்லை.

மாத்திரை சாப்பிடுகிறான். முதல் மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை, மாற்றினார்கள். சில நாள் பரவாயில்லை என்று தோன்றும். ஒருநாள் தோசை கேட்டான், நான் சுட்டுச் சுட்டுப் போட்டுவிட்டுக் குளியலறைக்குப் போய் அழுதேன். மறுநாள் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. நான் வகுப்புகளை விட்டுவிட்டேன். தினம் மூன்று கேள்வியும் கேட்கிறேன். முதல் இரண்டுக்குத் தலையாட்டுவான். மூன்றாவதைக் கேட்டால் சுவரைப் பார்ப்பான். சேகர் மருத்துவ விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டில் இருக்கிறார். என்னிடம் ஒரு நாளும் அந்த ஞாயிறைச் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லிக் காட்டினால் தேவலை.

இன்று காலை பத்து மணிக்கு மனநலக் கிளினிக்கில் அவனைப் பார்க்க நேரம் கொடுத்திருந்தார்கள். ஆறு வாரம் காத்திருந்து கிடைத்த நேரம். தவறினால் மறுபடி வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். ஒன்பது மணிக்கு அவன் அறைக் கதவைத் தட்டித் திறந்தேன். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். சட்டை, பேன்ட் எல்லாம் போட்டிருந்தான். ஒரு காலில் சாக்ஸ் இருந்தது. இன்னொரு சாக்ஸ் கையில் இருந்தது. எவ்வளவு நேரமாக அப்படி இருக்கிறானோ தெரியாது.

எனக்கு முதலில் வந்தது பழைய பயம்தான். கத்த வாய் திறந்தேன், மூடிக்கொண்டேன். கீழே சேகர் காரைக் கிளப்பிச் சூடாக்கிக்கொண்டிருந்தார். தரையில் அவன் எதிரே குந்தினேன்.

"விரல் வலிக்குதா கண்ணா? சாக்ஸ் பிடிக்க முடியலையா?"

தலையை ஆட்டினான். இல்லை என்று.

"விரல் இல்லம்மா," என்றான். தமிழில் சொன்னான். இரண்டு வருஷமாக அவன் வாயில் நான் கேட்காத தமிழ். "எனக்கு முடியலம்மா."

அந்த வார்த்தையைச் சொல்ல முடியாமல்தான் ஒரு வருஷம் கீழ்த்தளத்தில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தான். சொல்லி முடித்ததும் அவன் தோள் இரண்டும் கீழே விழுந்தன. முதுகு வளைந்தது. நிமிரு என்று நான் சொல்லவில்லை.

"சரிடா," என்றேன். "முடியலன்னா நான் போட்டு விடறேன்."

அவன் கையிலிருந்து சாக்ஸை வாங்கினேன். பாதத்தை எடுத்து என் மடியில் வைத்தேன். பெரிய பாதம், அப்பாவுடையதைவிடப் பெரிது, ஐஸ்கட்டி மாதிரி சில்லிட்டிருந்தது. அவன் காலைத் தொட்டு ஆறேழு வருஷம் ஆகியிருக்கும். சாக்ஸ் குதிகாலில் மாட்டிக்கொண்டது, இழுத்தேன், ஏறியது. கடிகாரத்தில் ஒன்பது இருபது. கீழேயிருந்து சேகர் ஹாரன் அடித்தார். அடுத்து ஷூ இருந்தது.